புயற்கூண்டை இறக்கச் சொன்னவர்கள்!

தோழனே!

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை முதலில் ஒரு காட்சிக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஆண்டு 1832. இடம், பிரேசில் நாட்டுக் கடற்கரை. அங்கே நங்கூரமிட்டு நிற்கிறது ‘பீகிள்’ என்னும் ஆங்கிலக் கடற்படைக் கப்பல். அதன் தலைவனுக்கு வயது 26. அவனுக்கு எதிரே அமர்ந்து உணவருந்தும் இளைஞனுக்கு 23. பேச்சு அடிமை முறையைப் பற்றித் திரும்புகிறது.

கப்பல் தலைவன் அடிமை முறையை ஆதரிக்கிறான். பெரும் பண்ணை முதலாளி ஒருவரின் மாளிகைக்கு அண்மையில் சென்று வந்ததாகச் சொல்கிறான். அந்த முதலாளி தன் அடிமைகளை அழைத்து வரிசையாக நிறுத்தினாராம். மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டாராம். விடுதலை வேண்டுமா என்றும் கேட்டாராம். வேண்டாம், வேண்டாம் என்றார்களாம் அத்தனை பேரும்!

இளைஞன் சிரித்தான். எசமான் முன்னிலையில் அடிமை சொல்லும் பதிலுக்கு ஏதேனும் மதிப்புண்டா என்று கேட்டான்.

கேள்வி சிறியது; அது மூட்டிய தீ பெரியது! என் சொல்லை ஐயுறுகிறவனோடு இனி ஒரே அறையில் வாழ முடியாது என்று சீறினான் கப்பல் தலைவன். சில மணி நேரத்தில் சினம் தணிந்து, ஆள் அனுப்பி மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

கேள்வி கேட்ட இளைஞனை உலகம் அறியும். அவன்தான் சார்லஸ் டார்வின். சீறிய கப்பல் தலைவனை உலகம் அந்த அளவு அறியாது. அவன்தான் ராபர்ட் பிட்ஸ்ராய். அவனைப் பற்றித்தான் இன்று உன்னோடு பேசப் போகிறேன். ஏன் தெரியுமா? துறைமுகங்களிலே புயற்கூண்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறாயே, தோழனே, அந்த வழக்கத்தைப் பிரிட்டிஷ் கரையெங்கும் நிறுவிய கை அந்தப் படைத் தலைவனின் கைதான்!

அவனுக்கு மாலை சூட்டப் போகிறேன் என்று எண்ணிவிடாதே. பன்னிரண்டு வயதிலே கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தவன். பிரபுக் குலத்தில் பிறந்தவன். மன்னன் இரண்டாம் சார்லசின் இரத்தம் தன் உடலில் ஓடுவதாகப் பெருமை பேசும் குடும்பத்தான். 1841இல் டர்ஹாம் நகரிலிருந்து பழமைவாதக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் புகுந்தான். 1860இல் ஆக்ஸ்போர்டு நகரில், டார்வினின் கொள்கை பற்றிய புகழ்பெற்ற விவாதக் கூட்டத்தில், விவிலிய நூலை உயர்த்திப் பிடித்து மறுப்புக் குரல் எழுப்பியவனும் இவனே. பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்த நமக்கும் அவனுக்கும் இடையே எத்தனை கடல்கள்!

ஆயினும் மனிதன் ஒரே வண்ணத்தில் தீட்டிய திரைச்சீலை அல்லன். 1843இல் அவனை நியூசிலாந்துக்கு ஆளுநராக அனுப்பினார்கள். அவன் போய்ச் சேருமுன் வைராவ் என்ற இடத்தில், நிலம் யாருக்கென்ற பூசலில், குடியேறிய வெள்ளையருக்கும் மாவோரி மக்களுக்கும் மோதல் நிகழ்ந்து வெள்ளையர் 22 பேர் மாண்டிருந்தனர். பழிக்குப் பழி வாங்கு என்று துடித்தது குடியேறியோர் கூட்டம். விசாரித்தான் பிட்ஸ்ராய். தவறு வெள்ளையர் மீதுதான் என்று தீர்ப்புரைத்தான்! மண்ணாசை பிடித்த கம்பெனியின் பகையைத் தேடிக்கொண்டான். 1845இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டான். எசமான் முன்னிலையில் அடிமை சொன்ன பொய்யை நம்பிய அதே மனிதன், தன் எசமானர்கள் முன்னிலையில் தானே ஓர் உண்மையைச் சொல்லி அதற்கு விலையும் கொடுத்தான்.

அதைவிடப் பெரிய விலை பின்னால் காத்திருந்தது.

1854ஆம் ஆண்டு. லண்டன் மாநகரின் வானிலையை 24 மணி நேரத்துக்கு முன்னதாகவே அறிய வழி பிறக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து பேசினார். அவை என்ன செய்தது? சிரித்தது! சிரிப்பொலி எழுந்தது என்பதை அவைக் குறிப்பே பதிவு செய்து வைத்திருக்கிறது. அதே ஆண்டில்தான் வணிக வாரியத்தின் கீழ் ஒரு சின்னஞ்சிறு வானிலை அலுவலகம் திறக்கப்பட்டு, பிட்ஸ்ராய் அதன் தலைவனாக அமர்த்தப்பட்டான். அவனுக்கு இட்ட பணி, கப்பல்களிலிருந்து வரும் காற்றுக் கணக்குகளைத் தொகுத்து வைப்பது. எச்சரிக்கை செய் என்று எவரும் கட்டளையிடவில்லை.

கட்டளை கடலிலிருந்து வந்தது. 1859 அக்டோபர் 25ஆம் நாள் இரவு, ‘ராயல் சார்ட்டர்’ என்ற நீராவிக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கம் தேடித் திரும்பியவர்களைச் சுமந்துகொண்டு, வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீ தீவின் கரையோரம் வந்துகொண்டிருந்தது. கரை கண்ணுக்கெட்டும் தூரம். கரை சேரும் விதி இல்லை. புயல் கப்பலைப் பாறையில் மோதிப் பிளந்தது. ஏறத்தாழ 450 உயிர்கள் பறிபோயின. உலகைச் சுற்றி வந்தவர்கள் ஊர் வாசலில் மாண்டார்கள்! அந்த ஒரே புயலில் மூழ்கிய கப்பல்கள் நூற்றுக்கும் மேல்.

பிட்ஸ்ராய் கணக்குகளைப் புரட்டினான். புயல் திடீரென்று குதிக்கவில்லை. ஓரிடத்தில் தோன்றி, ஒரு திசையில் நகர்ந்து, வழியெல்லாம் காற்றழுத்தமானியின் பாதரசத்தைத் தாழ்த்திக்கொண்டே வந்திருக்கிறது. புயலைவிட வேகமாக ஓடக்கூடிய ஒன்று அன்று பூமியில் பிறந்திருந்தது. அதுதான் மின்தந்தி! புயல் ஓர் ஊரில் கால் வைத்தவுடன் அடுத்த ஊருக்குத் தந்தி பறந்தால், உயிர் தப்பாதா?

1861 பிப்ரவரியில் தொடங்கியது அந்தத் திட்டம். பத்துக்கு மேற்பட்ட கரையோர நிலையங்கள் காலைதோறும் காற்றையும் அழுத்தத்தையும் தந்தியில் சொல்லும். லண்டனில் இவன் கூட்டிக் கணித்து, ஆபத்துள்ள துறைமுகத்துக்குத் திருப்பித் தந்தி கொடுப்பான். துறைமுகக் கம்பத்தில் கித்தான் கூம்பு ஏறும். கூம்பின் முனை மேல்நோக்கினால் வடக்கிலிருந்து சூறை, கீழ்நோக்கினால் தெற்கிலிருந்து. உருளை ஏறினால் திசை மாறி மாறி அடிக்கும் சூறை. எழுதப் படிக்கத் தெரியாத மீனவனும் ஏறிட்டுப் பார்த்தால் போதும். அறிவு ஆங்கிலப் புத்தக அலமாரியை விட்டு இறங்கி, கித்தான் கூம்பாக மாறி, ஏழையின் கண்ணுக்கு நேரே தொங்கியது!

அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ‘தி டைம்ஸ்’ இதழில், நாளை வானிலை எப்படியிருக்கும் என்ற அவனுடைய குறிப்பு வெளிவந்தது. அதற்கு அவன் ஒரு பெயரும் சூட்டினான். இது ஆரூடமன்று, குறி சொல்வதுமன்று. கணக்கிட்டுப் பெற்ற ஒரு கருத்து, அவ்வளவே என்று விளக்கினான். பஞ்சாங்கம் தவறினால் பழி நம் கருமத்தின் மீது விழும். அறிவியல் தவறினால், தவறிவிட்டேன் என்று அதுவே ஒப்புக்கொள்ளும். குறிகாரனுக்கும் கணிப்பவனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

கணிப்பு பல நாள் பலித்தது. சில நாள் பிழைத்தது. பிழைத்த நாளிலெல்லாம் பத்திரிகைகள் பரிகசித்தன. மழை பெய்யும் என்றான், வெயில் அடித்ததே என்று கைகொட்டின. கடல் கடந்து தீவு மாளிகைக்குச் செல்லுமுன் இவனிடம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவாராம் விக்டோரியா மகாராணியார். ஆயினும் அரண்மனைக்கு உதவும் அறிவு பத்திரிகைக்குக் கேலிப் பொருள்!

இதற்கிடையே இன்னொரு முணுமுணுப்பும் எழுந்தது. அதைக் கூர்ந்து கேள், தோழனே. மீன்பிடிப் படகுகளின் முதலாளிமார் முணுமுணுத்தார்கள். ஏன்? கூம்பு ஏறினால் மீனவன் கடலுக்குப் போக மறுக்கிறானாம். ஒரு நாள் தொழில் கெடுகிறதாம். இலாபம் குறைகிறதாம். புயல் வந்தால் போவது யாருடைய உயிர்? மீனவனுடையது. புயல் வராமற் போனால் குறைவது யாருடைய பணம்? முதலாளியினுடையது. ஆகவே கூம்பு பொய்யென்று முழங்கினால்தானே கல்லா நிறையும்!

பிட்ஸ்ராய் களைத்தான். பொதுப்பணிக்காகக் கைப்பொருளையும் கரைத்திருந்தான். உடல் தளர்ந்தது, உள்ளம் இருண்டது. 1865 ஏப்ரல் 30ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். குடும்பத்துக்கு உதவ நிதி திரட்டியபோது, அன்று அறையில் சண்டையிட்ட டார்வின் 100 பவுன் அளித்தார். கொள்கையில் எதிரி, துயரில் தோழர். பண்பாடு என்பது அது!

அவன் மறைந்த பின், அவனுடைய பணியை ஆராய 1866இல் ஒரு குழு அமர்ந்தது. தலைமை பிரான்சிஸ் கால்டன். யார் இந்தக் கால்டன்? அறிவும் ஆற்றலும் பிறப்பிலேயே வருவன என்று 1869இல் நூல் எழுதியவர். உயர்ந்த குடி பெருகவேண்டும், தாழ்ந்த குடி குறையவேண்டும் என்னும் கொடிய கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவர். பிறப்பின் பெயரால் உயர்வு தாழ்வு வகுக்கும் கொள்கையை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று உனக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை! கணக்கில் கால்டன் கெட்டிக்காரர் என்பதையும் மறைக்கமாட்டேன். 1875இல் ‘டைம்ஸ்’ இதழில் வானிலை வரைபடம் வெளியிட்டவரும் அவரே. அவர் குழு என்ன சொன்னது? பிட்ஸ்ராயின் கணிப்புக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. பத்திரிகைக் கணிப்பு நின்றது. 1866 டிசம்பரில் துறைமுகக் கூம்பும் இறங்கியது.

கூம்பு இறங்கியதே, காற்று இறங்கியதா?

துறைமுகங்களிலிருந்து முறையீடுகள் எழுந்தன. கணிப்பின் அடிப்படை பற்றிக் கற்றவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். எங்களுக்குக் கூம்பு வேண்டும் என்றார்கள் கடலை நம்பி வாழ்ந்தவர்கள். ஓராண்டு தாங்கவில்லை. 1867 இறுதியில் எச்சரிக்கை மீண்டும் ஏறியது. மேட்டுக்குடி இறக்கியதை மீனவர் குடி ஏற்றியது! 2002இல் பிரிட்டிஷ் வானிலை அறிவிப்பில் ஒரு கடற்பகுதிக்கே பிட்ஸ்ராய் என்று பெயரிட்டார்கள். உயிரோடிருந்தபோது ஏளனம், 137 ஆண்டுகள் கழித்துப் பெயர்ப்பலகை!

தோழனே, இது பழங்கதை என்று எண்ணாதே. ஆட்சியாளர் உண்மையை நடத்தும் முறை இரண்டே இரண்டு. ஒன்று, கேட்பது. மற்றொன்று, கூம்பை இறக்குவது.

கேட்டவரைச் சொல்கிறேன். 1944 ஜூன். இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களைப் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறக்க நாள் குறித்தாகிவிட்டது. ஜூன் 5. தளபதி ஐசன்ஹோவர். அவருக்கு வானிலை சொல்பவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஸ்டாக், விமானப்படையின் குரூப் கேப்டன். அயர்லாந்தின் மேற்கு முனையில் பிளாக்சாட் என்ற சிற்றூர். அங்கே அஞ்சலகத்தில் மாரீன் என்ற இளம்பெண் காற்றழுத்தமானியைப் பார்த்து எழுதியனுப்புகிறாள். பாதரசம் சரிகிறது. அயர்லாந்து போரில் சேராத நாடு. ஆயினும் வானிலைச் செய்தி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அஞ்சலகப் பெண்ணின் எண் ஏறிப் போய்த் தளபதியின் மேசையில் நின்றது. புயல் வருகிறது, ஜூன் 5 கூடாது என்றார் ஸ்டாக். தளபதிகளின் முகங்கள் கறுத்தன. ஆயினும் படையெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. அன்றிரவே ஸ்டாக் மீண்டும் வந்தார். இடையே சிறிது நேரம் காற்று அடங்கும், 6ஆம் நாள் போகலாம் என்றார். போனார்கள். எதிரே ஜெர்மானியத் தளபதி ரோம்மலோ, இந்த வானிலையில் எவன் வருவான் என்று மனைவியின் பிறந்தநாளுக்கு வீடு சென்றிருந்தார்!

இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருந்தால்? ஜூன் 19இல் எழுந்த பெரும்புயல், கரையில் கட்டிய செயற்கைத் துறைமுகம் ஒன்றையே நொறுக்கித் தள்ளியது. ஆயிரக்கணக்கான பீரங்கிகளுக்கு அதிபதி, பாதரசக் குழாய் வைத்திருந்தவரின் சொல்லுக்குத் தலைசாய்த்தார். அது கோழைத்தனமா? இல்லை, அதுதான் தலைமை!

கேட்காதவர்களையும் சொல்கிறேன். முதல் உலகப் போரில் ரஷ்யப் படையொன்றின் வானிலைப் பிரிவை நடத்தியவர் அலெக்சி வாங்கன்ஹைம். 1929இல் சோவியத் நாட்டின் வானிலைப் பணியை ஒன்றாக்கி அதன் தலைவரானார். விளைச்சல் பொய்த்தது, பஞ்சம் வந்தது, ஆட்சிக்குக் குற்றவாளி ஒருவர் தேவைப்பட்டார். 1934 ஜனவரியில் கைது செய்தார்கள். பொய்க் கணிப்புச் சொல்லி வேளாண்மையைக் கெடுத்தார் என்று பழி! சொலோவ்கித் தீவுச் சிறையிலிருந்து தம் சின்னஞ்சிறு மகளுக்கு இலைகளையும் பூக்களையும் வைத்துக் கணக்கும் விடுகதையும் கற்பித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதரை 1937 நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். 1956இல், அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். வானத்தைச் சுட முடியவில்லை. வானத்தைப் பார்த்தவனைச் சுட்டார்கள்!

அது கொடுங்கோல், மக்களாட்சியில் நடக்காது என்கிறாயா? 2019 செப்டம்பர் முதல் நாள், டோரியன் என்னும் சூறாவளி அலபாமா மாநிலத்தையும் தாக்கும் என்று எழுதினார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப். அலபாமாவுக்கு ஆபத்தில்லை என்று இருபது நிமிடங்களில் அங்கிருந்த பர்மிங்காம் வானிலை அலுவலகம் மக்களின் அச்சத்தைத் தணித்தது. தலைவர் திருந்தினாரா? மூன்று நாள் கழித்து அவர் காட்டிய வரைபடத்தில், கறுப்பு மையால் ஒரு வளைவு கூடுதலாக முளைத்து அலபாமாவைத் தொட்டு நின்றது! அதற்கும் இரண்டு நாள் கழித்து, மேலிடம் கையொப்பமில்லாத அறிக்கை ஒன்றை விடுத்துத் தன் அலுவலகத்தையே கைவிட்டது. அறிவியல் நெறி மீறப்பட்டதென்று 2020இல் விசாரணை கூறியது. துப்பாக்கி வேண்டாம், தோழனே; மையே போதும்!

டில்லியைத் திரும்பிப் பார். வேலையின்மையும் ஒரு புயலல்லவா? 2017-18ஆம் ஆண்டுக்கான வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு முடிந்தும் வெளிவரவில்லை என்று 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து இருவர் விலகினர். கணக்கு இன்னும் இறுதியாகவில்லை என்றது அரசு. தேர்தல் வந்தது, முடிந்தது, மே 30இல் பதவியேற்பு, மே 31இல் கணக்கு வெளிவந்தது. வேலையின்மை 6.1 விழுக்காடு! அதே ஆண்டு நவம்பரில், மக்கள் எவ்வளவு உண்கிறார்கள், உடுத்துகிறார்கள் என்னும் நுகர்வுக் கணக்கெடுப்பைத் தரம் போதாதென்று தள்ளிவைத்தார்கள். அறிவியல் அடிப்படை போதாது என்ற கால்டன் குழுவின் குரல் உன் காதில் மீண்டும் ஒலிக்கவில்லையா? கூம்பை இறக்கினால் காற்று அடங்குமென்று நம்புகிறவர்கள் எந்த நூற்றாண்டிலும் இருக்கிறார்கள்!

இங்கே ஒரு குரல் குறுக்கிடும்: சீருடை அணிந்தவன் வானிலையைச் சொல்லட்டும், நாட்டு அரசியலில் கருத்துச் சொல்ல அவன் யார்? கேள்வியில் பாதி நியாயம் உண்டு, மறைக்கமாட்டேன். படை அரசாளத் தொடங்கினால் மக்களாட்சி மாண்டுபோகும். பாதரசம் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பாராளத் தெரியுமென்று பொருளுமில்லை. அடிமை முறையில் பிட்ஸ்ராயின் கருத்து பிழை. காற்றைப் பற்றிய அவனுடைய கருத்து சரி. அரசியலில் அவன் பழமைவாதி என்பதற்காக மீனவன் கூம்பை மறுத்திருந்தால் கடலில் மாண்டிருப்பான். காற்றில் அவன் கெட்டிக்காரன் என்பதற்காக நாம் அடிமை முறையை ஏற்றால் மானத்தில் மாண்டிருப்போம். எந்தக் கருத்தையும் அதன் சான்றைக் கேட்டு எடைபோடு. சொன்னவனின் கொடியைப் பார்த்து எடைபோடாதே.

நியாயத்தின் மறுபாதியைத்தான் அந்தக் குரல் விழுங்கிவிடுகிறது. கணிப்பவன் அரசியலில் தலையிடக்கூடாது என்றால், அரசியல் கணிப்பில் தலையிடலாமா? அவன் வாக்குக் கேட்டு வரவேண்டாம். வரைபடத்தில் மை பூச நீயும் வராதே! அங்கேதான் எல்லைக்கோடு.

இப்போது கடைசிச் சொல். அது டில்லிக்கு அன்று, நமக்கு.

தேர்தல் காலத்தில் நம் கிளைக் கூட்டங்களை நினைத்துப் பார். மேடையில் மாவட்டத்தின் பெரியவர்கள். கீழே கிளைச் செயலாளர். எப்படி இருக்கிறது உங்கள் வட்டம் என்று கேள்வி வருகிறது. அமோகம், அண்ணே! என்று பதில் பறக்கிறது. குடிநீர்க் குழாயடியில் தாய்மார் குமுறியது அவருக்குத் தெரியும். கைம்பெண் உதவித்தொகைக்கு நாலு முறை நடந்த மூதாட்டி முகம் திருப்பிக்கொண்டது தெரியும். ஆயினும் அமோகம்! ஏன்? பிரேசில் பண்ணையில் நின்றவனுக்குச் சவுக்கு அச்சம், இவருக்குச் சங்கடம். பதில் மட்டும் ஒன்றுதான்.

சங்கடத்தை உண்டாக்கியது யார்? உள்ளதைச் சொன்ன தோழனை எதிர்முகாமின் கையாள் என்று ஏசிய நாம்தான். பாதரசம் இறங்குகிறது என்றவனைத் துரோகி என்றோம். அடித்துக்கொண்டு போகட்டும் புயல் என்று கடலும் காத்திருந்தது. சுயமரியாதை பேசும் இயக்கத்தில் அண்ணனின் முகம் பார்த்துப் பேசும் தம்பி இருக்கலாமா? எசமான் முன்னிலைப் பதிலை வெறுக்கக் கற்ற நாம், எசமானாக மாறலாமா?

ஆகவே, தோழனே, இந்தக் கிழமை உன் கிளைக் கூட்டத்தில் ஒன்று செய். பாராட்டுத் தீர்மானத்துக்கு முன்னால், குறை சொல்பவனுக்குப் பத்து நிமிடம் கொடு. அவன் சொல்வது கசக்கும், கசக்கட்டும். அவன் சில நேரம் தவறுவான், பிட்ஸ்ராயும் தவறினான். அஞ்சலகத்துப் பெண்ணின் எண் தளபதியின் மேசைக்குப் போனதுபோல், உன் குழாயடிச் செய்தி தலைமையின் மேசைக்குப் போகட்டும். போகவிடாமல் வழியில் நிறுத்துகிறவர் எவராயினும், எவ்வளவு பெரியவராயினும், கூம்பை இறக்கச் சொன்னவர்களின் வரிசையில் சேர்ந்தவரே!

கடலுக்குப் போகிறவன் மீனவன். வாக்குக் கேட்டு வீதிக்குப் போகிறவன் தொண்டன். இருவருக்கும் கரையில் கூம்பு வேண்டும். அது ஏறி நிற்கட்டும்!